வஞ்சத்துக்கு வாங்கிய பொம்மைப் புத்தகங்கள்

பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், கோலியனூரில் இருக்கிற இளவரசி என்கிற பெண்ணை நீங்கள் பார்த்ததில்லை. அவள் ஒரு குழந்தைக்கு, அது தவழ ஆரம்பித்த நாளிலிருந்து, பொறுக்கிப் பொறுக்கிப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அத்தனையும் வஞ்சம். ஒவ்வொன்றும் அந்தக் குழந்தையைப் பெற்றவளின் வயிறு எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுத்தது. கூட இருந்து பார்த்தவள் நான். பார்த்தவள் என்ன, கத்தியைத் தீட்டிக் கொடுத்தவள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

என் பெயர் அக்னஸ். சொந்த ஊர் முகையூர். விழுப்புரத்தில் ஜெகதீசன் என்பவரின் நோட்டுப் புத்தகக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பகையாளியை மன்னிக்கச் சொல்லும்போதெல்லாம் நான் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் சுபாவம் அப்படி.

இளவரசி எங்கள் கடைக்கு வேலைக்கு வந்தது சம்பளத்துக்காக இல்லை. அவள் புருஷன் குமரேசனுக்குக் கோலியனூரில் சொந்த நிலம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் கரும்பும் போடுகிறார்கள், சோற்றுக்குக் குறைவில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை என்பதுதான் குறை. "வீட்ல இருந்தா வர்றவங்க போறவங்க எல்லாம் ‘விசேஷம் ஒண்ணும் இல்லியா’ன்றாங்க அக்னஸ்க்கா. கடைக்கு வந்தா ‘ஜாமெண்ட்ரி பாக்ஸ் இருக்கா’ன்னுதான் கேப்பாங்க. அது தேவலாம்," என்று வந்த முதல் நாளே சொன்னாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

கடையின் பின் மூலையில் சின்னப் பிள்ளைகளின் புத்தகங்கள் தூசி படிந்து கிடக்கும். கைடும் நோட்டும் விற்கிற கடையில் அந்த மூலையை யாரும் சீண்டமாட்டார்கள். புதிதாக வந்தவள் என்று அவள் தலையில் அதைக் கட்டினார் ஜெகதீசன். அவள் அங்கேயே உட்கார்ந்து ஒன்று விடாமல் படித்தாள். படித்து முடித்துப் பாதியை எடுத்துக் கீழே அடுக்கினாள். "இதுங்கள விக்க மாட்டேன்" என்றாள். முதலாளிக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் மீதிப் பாதி விற்றுத் தீர்ந்த வேகத்தைப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டார்.

அவள் புத்தகம் தேர்ந்தெடுப்பதை வேலைக்கு நடுவே நான் வேடிக்கை பார்ப்பேன். முதலில் அட்டையின் முனையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்ப்பாள், குத்தினால் போச்சு. விரலை எச்சில் தொட்டுப் படத்தின் மேல் தேய்ப்பாள். சாயம் வந்தால் அதுவும் போச்சு, ஏனென்றால் கைக்குழந்தை புத்தகத்தைப் படிப்பதற்கு முன்னால் தின்றுதான் பார்க்கும். அப்புறம் வாய்விட்டுப் படிப்பாள். நடுவில் நாக்கு தடுக்கினாலோ மூச்சு வாங்கினாலோ மூடிவிடுவாள். யானை குளித்தது என்று எழுதி, படத்திலும் யானை குளித்துக்கொண்டு மட்டும் இருந்தால் அவளுக்குப் பிடிக்காது. யானையின் வயிற்றுக்கு அடியில் ஒரு தவளை ஒதுங்கியிருக்க வேண்டும். அதைப் பற்றி எழுத்தில் மூச்சு விட்டிருக்கக் கூடாது. "அந்தத் தவளைய புள்ள கண்டுபுடிக்கணும்க்கா. நாம முந்திக்கக் கூடாது," என்பாள். கடைசிப் பக்கத்தில் ‘குழந்தைகளே, இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?’ என்று இருந்துவிட்டால் தொலைந்தது. "கத சொல்லிட்டு கூலி கேக்கறான் பாரு" என்று பெட்டிக்குள் தூக்கிப் போடுவாள்.

வருகிற அம்மா அப்பாக்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "நீதி இருக்குதுங்களா?"

"புள்ளைக்கு வயசு இன்னாங்க?"

"ரெண்டு முடிஞ்சி மூணு நடக்குது."

"அப்ப நீதி வாணாங்க. சிரிப்பு இருக்குது, எடுத்துக்கினு போங்க."

இப்படி ஊரார் பிள்ளைக்கெல்லாம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவளைத்தான் ஒரு வளைகாப்பு வஞ்சகியாக்கியது.

குமரேசனின் தம்பி திருமுருகனுக்குத் திண்டிவனத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடை. அவன் மனைவி மலர்விழி. அவளுடைய அப்பா கட்டட வேலைக்கென்று பெங்களூர் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அவள் பிறந்ததும் பள்ளிக்கூடம் போனதும் பெங்களூரில்தான். பெரிய இடத்துப் பெண் இல்லை, ஆனால் பெங்களூர் என்ற ஐந்தெழுத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நடப்பாள். கல்யாணமான கையோடு உண்டாகிவிட்டாள். கோலியனூர் வீட்டில் வளைகாப்பு வைத்தார்கள். எனக்கும் பத்திரிகை வந்தது, போயிருந்தேன்.

மாமியார் முதல் வளையலைப் போட்டார். அடுத்தது வீட்டுக்கு மூத்த மருமகள் போட வேண்டும், அதுதான் முறை. இளவரசி சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு வளையலைக் கையில் எடுத்தாள். மலர்விழி கையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க வேணாங்க்கா. புள்ள பெத்தவங்க போட்டா போதும். எனக்கு பயமா இருக்குது."

மெதுவாகச் சொல்லவில்லை. கூடம் முழுக்கக் கேட்டது. மாமியார் வாசலைப் பார்த்தார். மற்ற பெண்கள் சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தார்கள். ஒருத்திகூட, ஒரே ஒருத்திகூட, ‘என்னம்மா பேச்சு இது’ என்று கேட்கவில்லை. எழுந்து போய் அந்தக் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. பிள்ளைத்தாய்ச்சி ஆயிற்றே என்று விட்டேன். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

இளவரசி வளையலைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். எல்லாருக்கும் புளிசாதமும் தேங்காய் சாதமும் அவள்தான் பரிமாறினாள். மலர்விழியின் இலையில் ஒரு அப்பளம் கூடுதலாகவே வைத்தாள். பந்தி முடிந்து பின்பக்கம் கை கழுவப் போன என்னிடம் வந்து நின்று, விரலில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"அவ வவுத்துல இருக்கறது என்னத் தேடிக்கினு வரும் அக்னஸ்க்கா. ‘பெரிம்மா, பெரிம்மா’ன்னு அழுதுகினு வரும். அவ அதப் பாத்துக்கினு நிக்கணும். நிக்க வெக்கறேன்."

"வை," என்றேன் நான்.

பெண் குழந்தை பிறந்தது. குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டபடி தையல்நாயகி என்று பெயர் வைத்து, தையு என்று கூப்பிட்டார்கள். இளவரசி யோசித்தாள். பலகாரம் செய்து கொண்டுபோனால் கண்பட்டுவிடும் என்று நாய்க்குப் போடுவார்கள். சட்டை வாங்கிக் கொடுத்தால் பீரோவுக்கு மேலே போகும். மடியில் தூக்கினால் பால் குடிக்க வேண்டும் என்று பிடுங்கிக்கொள்வார்கள். பிள்ளை இல்லாதவள் கையிலிருந்து எதை வாங்கினாலும் இந்த ஜனத்துக்கு ஒரு பயம் உண்டு. புத்தகத்தை மட்டும் யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சரஸ்வதி ஆயிற்றே! தெரியாமல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற கூட்டம். வீட்டு வாசலில் அதைத் திருப்பி அனுப்ப எவளுக்குத் துணிச்சல் வரும்?

வரவில்லை. கெட்டி அட்டையில் ஆடும் மாடும் முகம் காட்டும் முதல் புத்தகத்தை அவள் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனபோது மலர்விழி, "எதுக்குங்க்கா இவ்ளோ சின்னதுலியே?" என்று இழுத்தாள். இழுத்தாலும் கண்ணில் ஒற்றித்தான் வாங்கினாள். குழந்தை அன்றைக்கே மாட்டின் ஒரு காதைத் தின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் இளவரசி திண்டிவனம் பஸ் ஏறினாள். புத்தகம் கொண்டுவருகிறவளை மடி கொடுக்காதே என்று எப்படிச் சொல்வது? குழந்தையை மடியில் வைத்தால்தானே பக்கம் புரட்ட முடியும். கைக்கு எட்டாமல் இருந்த பிள்ளை அப்படி மடிக்கு வந்தது.

தையுவுக்கு இரண்டு வயது நடக்கும்போது கடவுளே அவள் கையில் ஒரு ஆயுதத்தைக் கொடுத்தார். பொங்கலுக்குக் கோலியனூர் வந்திருந்த மலர்விழியை விழுப்புரம் பஸ் நிலையத்தில் வண்டியேற்றிவிட இளவரசி போயிருந்தாள். எதிரே பஸ் நிற்கிறது. நெற்றியில் எருமை எருமையாய் ‘திண்டிவனம்’ என்று எழுதியிருக்கிறது. மலர்விழி அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் பூ விற்கிறவளிடம், "இது எங்க போவுதுங்க?" என்று கேட்டாளாம்.

மறுநாள் கடை திறந்ததும் திறக்காததுமாக இளவரசி ஓடி வந்தாள். "அக்கா! அவளுக்குத் தமிழ் படிக்க வராதுக்கா!"

"சும்மா இரு. படிச்சவ ஆச்சே."

"படிச்சது கன்னடமும் இங்லீஷும். வாயில தான் தமிழு. ஒரு கல்யாணப் பத்திரிகைய நீட்டிப் பாத்தேன். எறும்பு ஊர்ற மாதிரி ஒவ்வொரு எழுத்தா ஊர்றா. ரெண்டு வரி போயிட்டு ‘கண்ணு வலிக்குதுக்கா’ன்னு மடிச்சிட்டா."

பெங்களூரில் வளர்ந்த பெண்ணுக்குத் தமிழ் எழுத்து வராதது ஒரு குற்றமா? இல்லை. நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் பிழைக்கப் போன இடத்தில் பிள்ளைகளை அப்படித்தான் வளர்க்கிறார்கள். குற்றமில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் பிள்ளை பிறக்காதது மட்டும் இளவரசியின் குற்றமா? பல்லுக்குப் பல் என்று நாங்கள் இரண்டு பேரும் டீ குடித்தோம்.

அதுவரை படம் பார்த்து வாங்கியவள் அன்றிலிருந்து எழுத்துப் பார்த்து வாங்கினாள். வாய்விட்டுப் படித்தால் மட்டுமே ருசிக்கிற புத்தகங்கள், ஒரு சொல் மாறினாலும் தாளம் கெட்டுப்போகிற கதைகள். யானைக்கு இருமல் வந்த கதை ஒன்று. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மிருகம் வைத்தியம் சொல்லும், யானை இருமும், அந்த இருமலில் யாராவது ஒருத்தர் எகிறிப்போய் விழுவார். இளவரசி இருமுகிற இருமலுக்குக் கடையில் எங்களுக்கே வயிறு வலிக்கும். தையு உருண்டு உருண்டு சிரித்தாளாம். ஒரு தரம் படித்து முடித்தால் ‘இன்னொருவாட்டி’ என்று புத்தகத்தைத் திருப்பிப் பிடிப்பாளாம். நன்றாக மனப்பாடமாகும் வரை படித்துக் காட்டிவிட்டு, புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவாள் இளவரசி. சூட்சுமமே அதில்தான்.

பெரியம்மா போனபிறகு பிள்ளை என்ன செய்யும்? அம்மாவிடம்தான் புத்தகத்தை நீட்டும். அப்பன் கடை அடைத்து வருவதற்குள் அது தூங்கிப்போகும். மலர்விழி படத்தைப் பார்த்து எதையோ இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கிறாள். யானைக்குக் காய்ச்சல் என்றிருக்கிறாள். தையு புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாளாம். அடுத்த வாரம் இளவரசி போனதும் பிள்ளையே அதைப் புகாராகச் சொல்லியிருக்கிறது. "பெரிம்மா, அம்மா தப்புத் தப்பா படிக்குது."

"சொல்றப்ப அவ மூஞ்சப் பாக்கணுமே அக்கா! அடுப்புப் பக்கம் திரும்பிக்கினா," என்று இளவரசி எனக்கு நடித்துக் காட்டினாள். நான் கல்லாவைத் தட்டிச் சிரித்தேன். அன்று வந்தவர்களுக்குச் சில்லறையை மாற்றிக் கொடுத்து ஜெகதீசனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதுவும் இனித்தது.

மலர்விழி சும்மா இருக்கவில்லை. பட்டனை அழுத்தினால் ஆங்கிலத்தில் பாடுகிற பெரிய புத்தகம் ஒன்றை வாங்கினாள். இரண்டு நாள் தெருவே கேட்கப் பாடியது. மூன்றாம் நாள் தையு அதன்மேல் ஏறி நின்று ஜன்னலில் பூனையைப் பார்த்தாள். பேட்டரியும் தீர்ந்தது. அந்தப் புத்தகம் இருமவில்லை, பிள்ளை சிரித்தால் கூடச் சிரிக்கவில்லை, மடியும் இல்லை அதற்கு. அப்புறம் அது என்ன புத்தகம்?

மூன்று வயது தாண்டியதும் தையுவைத் திண்டிவனத்திலேயே ஒரு மழலையர் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே ஒரு நாள், கதை நாள் என்று வைத்தார்கள். பிள்ளை தன் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவர வேண்டும். அவர் பிள்ளையை மடியில் வைத்து எல்லாருக்கும் ஒரு புத்தகம் படித்துக் காட்ட வேண்டும். யாரைக் கூப்பிடலாம் என்று மிஸ் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டார்களாம். எல்லாப் பிள்ளையும் அம்மா என்றது. தையு, "எங்க கோலியனூர் பெரிம்மா" என்றாள்.

திருமுருகன்தான் போன் செய்தான். "அண்ணி, மிஸ் உங்களத்தான் வரச் சொன்னாங்க. வர முடியுமா?" அவன் குரலில் ஒரு சங்கடம். இளவரசியின் குரலில் ஒரு சங்கடமும் இல்லை. ஜெகதீசனிடம் தலைவலி என்று பொய் சொல்லி நானும் லீவு போட்டேன். இதைப் பார்க்காமல் செத்தால் என் கட்டை வேகாது.

வளைகாப்பன்று கட்டியிருந்த அதே அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள் இளவரசி. நான் அதைப் பார்த்தேன், அவள் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

வகுப்பறையில் அம்மாக்கள் வரிசையாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். சிலர் படித்தது பிள்ளைகளுக்கு ஏறவேயில்லை. கடைசியாக இளவரசி போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் தையு ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். யானை இருமியது. முதல் இருமலில் முன்வரிசை சிரித்தது. மூன்றாவதில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து இருமின. மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். தையு தானே பக்கத்தைப் புரட்டினாள், அடுத்த வரியைப் பெரியம்மாவுக்கு முன்னால் அவளே சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். "யாருங்க அது, அம்மாவா?" என்று எனக்குப் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். "அம்மா அதோ நிக்கறாங்க," என்று கதவோரத்தைக் காட்டினேன். உரக்கத்தான் சொன்னேன். எல்லாரும் திரும்பி மலர்விழியைப் பார்த்தார்கள்.

போதுமா? எனக்குப் போதவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் நடந்தாலும் உட்கார்ந்து பார்த்திருப்பேன்.

வெளியே குழாயடியில் நாங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மலர்விழி வந்தாள்.

"அக்கா, எனக்குத் தமிழ் படிக்க வராதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினேதான் இந்த மாதிரி புக்கா கொண்டாந்து குடுத்தீங்களா?"

"தெரிஞ்சிக்கினேதான்."

"அன்னிக்கி நான் சொன்னதுக்கா?"

"அதுக்கேதான்."

"எங்கம்மா பயமுறுத்தி அனுப்பிச்சாங்கக்கா. அதான் சொல்லிட்டேன்."

"பயம் உங்கம்மாது. வாய் உன்னுது," என்றாள் இளவரசி.

எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது. மலர்விழி பள்ளிக்கூடத்துப் படியில் போய் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அப்போதுதான் தையு மிட்டாயைச் சப்பிக்கொண்டே வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பக்கத்தில் போய், கிழவி மாதிரி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதம்மா. உனக்குப் படிக்க வர்லன்னா இன்னா? பாவம் நீ. நான் பெருசா ஆயி உனக்குப் படிச்சிக் காட்றேன்."

அடடா, இதைவிட வேறென்ன வேண்டும் என்று நான் இளவரசியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் எதிர்பார்த்த முகம் அது இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் வாங்கிய வறுத்த மல்லாட்டையை அவள் தொடவில்லை. ஜெயித்தவள் மாதிரியா இருக்கிறாய் என்று கேட்டேன். தலைவலி என்றாள். நான் முதலாளியிடம் சொன்ன அதே பொய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் திண்டிவனம் போகவில்லை. அடுத்ததும் போகவில்லை. தையு போனில் அழுவதாகக் குமரேசன் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா என்று அழுதுகொண்டு வரும் என்றாளே, வந்தது. இவள் மூலையில் உட்கார்ந்து புத்தகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு நாள் சென்னையிலிருந்து வந்த பெட்டியைப் பிரிக்கும்போது ஒரு புத்தகத்தை எடுத்துத் தனியாக வைத்தாள். நான் புரட்டிப் பார்த்தேன். சந்தையில் ஒரு ஆட்டுக்குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது. காய்கறிக் கடைக்குள் போகிறது, பஸ்ஸில் ஏறுகிறது, கல்யாணப் பந்தியில் நுழைகிறது. பக்கத்துக்குப் பக்கம் படம்தான். முதலிலிருந்து கடைசி வரை ஒரு எழுத்து இல்லை.

"இன்னாடி இது, எழுத்தே இல்ல? அச்சுல உட்டுட்டானா?"

"இல்லக்கா. இதே மாதிரிதான். படத்தப் பாத்து அவங்கவங்க சொல்லிக்கணும். எப்படிச் சொன்னாலும் தப்பு இல்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்குப் பைத்தியமா? இதக் குடுத்தா அவ படிச்சிடுவாடி! இவ்ளோ நாள் பாடுபட்டு புடிச்ச புள்ளைய நீயே தூக்கிக் குடுப்பியா?"

"குடுக்கணும்."

"அந்த வாய்க்கா? உன்ன மலடின்னு சபையில வெச்சி சொன்ன அந்த வாய்க்கா?"

அவள் புத்தகத்தின் முனையைக் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், ஞாயிறு, பூசை முடிந்ததும் நேரே பஸ் நிலையத்துக்குப் போய் அவளோடு ஏறிக்கொண்டேன். கெடுகிற காரியமானாலும் கூட இருந்து பார்க்க வேண்டுமே.

தையு வாசலுக்கே ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். இளவரசி குனிந்து முத்தம் கொடுத்தாள். வழக்கமாகப் புத்தகம் பிள்ளையின் கைக்குத்தான் போகும். அன்று நேரே உள்ளே போய் மலர்விழியின் கையில் கொடுத்தாள். மலர்விழி வாங்கத் தயங்கினாள். பயத்தில் அவளுக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக்கூட மறந்துபோயிற்று.

"பிரிச்சிப் பாரு. எழுத்து இல்ல," என்றாள் இளவரசி. "நான் ஒண்ணும் உன்ன மன்னிச்சிடல மலரு. சாவற வரைக்கும் மன்னிக்க மாட்டேன், நெனச்சிக்கினு இருக்காத. புள்ள உம்மேல கோவப்படலாம், சண்ட போடலாம், எங்கிட்ட வந்து கோள் சொல்லலாம். உன்னப் பாத்து பாவப்படக் கூடாது. பெத்தவளப் பாத்து இவ்ளூண்டு புள்ள பாவப்பட்டா அது வெளங்காது. அதுக்குத்தான் இது. உனக்காவ இல்ல."

மலர்விழி புத்தகத்தைப் புரட்டினாள். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள். தரையில் உட்கார்ந்தாள். "தையு, இங்க வா," என்று கூப்பிட்டாள். பிள்ளை பெரியம்மாவைப் பார்த்தது. இளவரசி போ என்று தலையை ஆட்டினாள்.

மலர்விழி நன்றாகத்தான் சொன்னாள். சொல்லக் கூடாது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். ஆட்டுக்குட்டிக்குப் பெங்களூர் போக ஆசை என்று ஆரம்பித்தாள். பஸ் கண்டக்டர் அதனிடம் டிக்கெட் கேட்டார். அது கன்னடத்தில் பதில் சொன்னது. தையு ஓவென்று சிரித்தாள். ஆட்டுக்குட்டி பந்தியில் நுழைகிற பக்கத்தில், இலைக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு கோழியைக் கண்டுபிடித்துக் கத்தினாள். "அம்மா, கோழிம்மா!" முடிந்ததும் "இன்னொருவாட்டி" என்றாள். இரண்டாம் தரம் ஆட்டுக்குட்டி வேறு எங்கோ போயிற்று. அதற்கும் சிரித்தாள்.

நாங்கள் புறப்பட்டோம். இளவரசி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். எப்போதும் தெருமுனை வரை வந்து டாட்டா காட்டுகிற பிள்ளை அம்மாவின் மடியிலிருந்து நிமிரவே இல்லை. நான் கூப்பிட வாயெடுத்தேன். இளவரசி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். தேம்பித் தேம்பி, பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அழுகை. மலர்விழியின் மேல் இருந்த ஆத்திரமும் இறங்கவில்லை, இவள்மேலும் ஆத்திரம். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"உடு. ஒண்ணும் குடி முழுகல. அடுத்த வாரம் நல்ல எழுத்துக் கத ஒண்ணு எடுத்துக்கினு போ. ரெண்டே வாரத்துல புள்ள உங்கிட்ட வந்துடும்."

"வாணாம்க்கா." மூக்கைத் துடைத்தாள். "கடைல அ, ஆ புக்கு நல்லதா ஒண்ணு எடுத்து வெக்கணும். பெரிய எழுத்தா, கோடு போட்டு எழுதிப் பழகற மாதிரி."

"தையுவுக்கா? அவளுக்கு இன்னும் வயசு ஆவலியே. நீதான சொல்லுவ?"

"தையுவுக்கு இல்ல. மலருக்கு."

நான் அவளை முறைத்துப் பார்த்தேன். அழுது வீங்கின கண்ணோடு அவளும் என்னை முறைத்தாள்.

"கையில ஆயுதம் இல்லாதவளப் போட்டு அடிச்சிட்டேன் அக்னஸ்க்கா. அது ஜெயிச்ச மாதிரியே இல்ல. அவ நல்லா கத்துக்கினு வரட்டும். எனக்கு சரிக்கு சரியா உக்காந்து படிக்கட்டும். அப்பறம் இருக்குது அவளுக்கு."